கருதுகோள் சோதனை (உளவியல்)

இரு குழுவினரிடையே காணப்படும் மனநிலை வேற்றுமை, மாதிரி எடுத்ததில் யதேச்சையாக நேர்ந்ததோ, மக்களிடத்தே மெய்யாகவே உள்ளதோ என்பதை நிகழ்தகவு கொண்டு ஆராயும் முறை கருதுகோள் சோதனை எனப்படும். வேற்றுமை யாதும் இல்லை என்னும் இன்மைக் கருதுகோளை முதலில் வைத்துக்கொண்டு, அது உண்மையாயின் கிடைத்த அளவோ அதனினும் மிக்கதோ தோன்றும் வாய்ப்பு எவ்வளவு எனக் கணிப்பர். அவ்வாய்ப்பு 0.05-க்குக் குறையின் கருதுகோளைத் தள்ளும் வழக்கம், 1925-இல் வெளிவந்த ரொனால்ட் ஃபிஷரின் நூலால் பரவியது. வசதிக்கு வகுத்த இவ்வெல்லையை மாணாக்கர் பலர் வேதவாக்காகக் கொள்வது விசனத்துக்குரியது.

எந்தச் சோதனை எங்கே பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்ட, தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்களில் புகுந்தது. அம்மக்களின் மனக்கலக்கத்தை ஒருவர் அளக்கப் புகுவதாகக் கொள்வோம். ஒரே மனிதரை ஆலோசனைக்கு முன்னும் பின்னும் அளந்தால் இணை டி-சோதனையும், வெள்ளம் கண்ட ஊராரை மேட்டுநிலத்தாரோடு ஒப்பிட்டால் சார்பற்ற மாதிரிகளுக்குரிய டி-சோதனையும், குழுக்கள் மூன்றாயின் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் பொருந்தும். டி-சோதனை, டப்ளின் மதுவடிசாலை ஒன்றில் பணியாற்றிய காசெட், 'மாணவர்' என்னும் புனைபெயரில் 1908-இல் வெளியிட்டது. உறக்கம் கெட்டோர் இத்தனை பேர் என்னும் எண்ணிக்கையே கையில் இருந்தால், கார்ல் பியர்சனின் கை-வர்க்கச் சோதனையை நாடவேண்டும். மாதிரி சிறிதாகி மதிப்பெண்கள் ஒருபுறம் சாய்ந்திருந்தால் மான்-விட்னி சோதனையே உசிதம். விவரங்களைக் கண்டபின், விரும்பிய முடிவு தரும் சோதனையைத் தேடுவது தகாது. 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது ஏறத்தாழ 36 சதவீதமே 0.05 எல்லைக்குள் வந்தமைக்கு இத்தகைய தேடலும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இவற்றினும் பெரிய நிபந்தனை, ஒருவர் விடை மற்றொருவர் விடையைச் சாராதிருத்தல். ஆற்றங்கரையூர் ஒன்றில் எல்லோரும் ஒரே வெள்ளத்தைக் கண்டு, ஒரே முகாமில் தங்கி, ஒரே வயற்சேதத்துக்கு வருந்தியவராதலின், அவர்தம் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பத்து ஊர்களில் ஊருக்கு 40 பேராக 400 பேரை விசாரித்து, ஊருக்குள் ஒப்புமைக் கெழு 0.1 எனக் கண்டால், சராசரியின் மாறுபாடு 1 + 39 × 0.1 = 4.9 மடங்காகப் பெருகுவதால் அந்த 400 பேர் ஏறத்தாழ 82 பேருக்கே ஈடாவர். ஆகவே, ஊரின் சராசரியையே ஓர் அளவாகக் கொண்டு, வெள்ளம் கண்ட ஊர்கள் ஐந்தை மேட்டுநில ஊர்கள் ஐந்தோடு ஒப்பிடுவது நேர்மையான வழிகளுள் ஒன்று. அப்போது கட்டின்மைக் கூறு 8 ஆகச் சுருங்க, டி-மதிப்பு கடக்கவேண்டிய எல்லை, 400 பேரையும் தனித்தனியே கொண்டால் வரும் 1.97-இலிருந்து 2.31-க்கு உயரும்.