தடையாணையின் விலை

நீதிமன்ற அமீனா சுவாதீன வாரண்டோடு வாசலில் நிற்கிறார். பூட்டை உடைக்க ஆள் வந்தாயிற்று. அதற்குள் வக்கீல் குமாஸ்தாவிடமிருந்து தகவல்: மேல்முறையீட்டில் ஸ்டே கிடைத்துவிட்டது, பிரமாணப் பத்திரம் காலையிலேயே கீழ் நீதிமன்றத்தில் தாக்கலாகிவிட்டது. வாரண்டு நிறைவேறாமல் திரும்புகிறது. வழக்கில் வென்றவர் சாவி இல்லாமல் வீடு போகிறார்.

மேல்முறையீடு செய்துவிட்டாலே தீர்ப்பு நின்றுவிடும் என்றுதான் மக்கள் நம்புகிறார்கள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்வது அதற்கு நேர் எதிர். மேல்முறையீடு தாக்கலானது என்பதற்காக மட்டும் தீர்ப்பாணையின் நிறைவேற்றம் நிற்காது என்றே கட்டளை 41, விதி 5 தொடங்குகிறது. தடை வேண்டுமானால் போதிய காரணம் காட்ட வேண்டும். தடை இல்லாவிட்டால் பெரும் இழப்பு நேரும் என்பதும், மனு தாமதமின்றி வந்தது என்பதும், தீர்ப்பாணைக்கு உரிய ஈடு கொடுக்கப்பட்டது என்பதும் நீதிமன்றத்துக்குத் திருப்தியாக வேண்டும்.

மூன்றில் ஈடுதான் உயிரானது. தடை என்பது தோற்றவர் வென்றவரிடம் வாங்கும் கால அவகாசம்; கடனைப் போலவே அதற்கும் விலை உண்டு. ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. டெல்லி கன்னாட் சர்க்கஸில் ஒரு வணிக இடம். பழைய மாத வாடகை 371 ரூபாய் சொச்சம். வெளியேற்ற உத்தரவை நிறுத்தி வைத்த தீர்ப்பாயம், மாதம் 15,000 ரூபாய் கட்டச் சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதை மீட்டது: வெளியேற்ற உத்தரவுக்குப் பிறகும் இடத்தை வைத்திருப்பவர், உரிமையாளர் வேறொருவருக்கு விட்டால் பெறக்கூடிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டு தொகைகளுக்கும் உள்ள இடைவெளியில்தான் பல மேல்முறையீடுகள் உயிர் வாழ்கின்றன என்பது என் துணிபு.

மேல்முறையீட்டாளருக்கும் நியாயம் உண்டு. தீர்ப்பு பின்னர் மாறினால் பழைய நிலையை மீட்டுத் தர அதே சட்டத்தின் பிரிவு 144 இருக்கிறது. ஆனால் இடித்த வீட்டை எந்தப் பிரிவும் எழுப்பித் தராது. ஆகவே தடையே கூடாது என்பது என் வாதமல்ல.

காலக்கெடு வைத்தால் போதும் என்பதையும் நான் ஏற்கவில்லை. வழக்கு விசாரணைகளை நிறுத்தும் தடையாணைகள் ஆறு மாதத்தில் தாமாகவே காலாவதியாகும் என்று 2018இல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் தீர்ப்பு சொன்னது. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது, அது சரியே. பட்டியலில் வழக்கு வராதது மனுதாரரின் குற்றமா?

கோளாறு முதல் நாளில் இருக்கிறது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே, மனு விசாரணைக்கு வரும்வரை தடை தர விதி 5இன் நான்காம் உட்பிரிவு இடம் தருகிறது. அதுவும் ஈடு உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டதே; ஆனால் ஈடு குறிக்கப்படாமல் தடை தரப்பட்டால், சில வாரங்களுக்கான அந்த ஏற்பாடு, வாய்தாவுக்கு வாய்தா நீட்டிக்கப்பட்டு, விலையில்லாத நிரந்தரத் தடையாகிறது. பணத் தீர்ப்பாணையில் நீதிமன்றம் கேட்ட வைப்புத்தொகையையோ ஈட்டையோ தராதவருக்குத் தடை கிடையாது என்று ஐந்தாம் உட்பிரிவு கறாராகச் சொல்கிறது. அதே கறார் சுவாதீன வழக்குகளிலும் வர வேண்டும்: முதல் தடையாணையிலேயே மாதத் தொகை ஒன்று தற்காலிகமாகவேனும் குறிக்கப்பட வேண்டும், எதிர்த்தரப்பைக் கேட்ட பிறகு அதைக் கூட்டலாம், குறைக்கலாம். தவணை தவறினால் அமீனா மறுபடி புறப்பட அந்த ஆணையே போதுமானதாக இருக்க வேண்டும்.