இரத்தம் காத்த மருந்தின் கதை



வளைந்த முதுகெலும்பை நிமிர்த்த ஆப்பரேஷன் என்றதும் பெற்றவள் கேட்பாள்: "டாக்டர், புள்ளைக்கு ரத்தம் ரொம்பப் போகுமா?" நியாயமான பயந்தான். எலும்பு நெடுகக் கீறும்போது இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

1962-இல் அமெரிக்க டாக்டர் பால் ஹாரிங்டன், எஃகுக் கம்பி பொருத்தி முதுகை நிமிர்த்தும் முறையை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு, ஜப்பானில் உத்தாகோ ஒக்கமோத்தோ அம்மையாரும் அவர் கணவர் சோசுக்கேயும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை அறிவித்தார்கள். உறைந்த இரத்தத்தை உடம்பே மறுபடி கரைக்கும். அதைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை.

யுத்தத்தில் நொடிந்த நாடு, ஆராய்ச்சிக்குப் பணமில்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே அம்மையார் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காப்பதே அவர் எண்ணம். நம் தோட்டத்துப் பாட்டிமாரும் அறிந்த துயரமல்லவா அது! 20,060 பெண்களிடம் நடந்த சோதனை, 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும் என்று 2017-இல் காட்டியது. அம்மையாரோ 2016-இலேயே, 98-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

இன்று பிள்ளைகளின் முதுகு ஆப்பரேஷனிலும் இம்மருந்து இரத்த இழப்பைக் குறைக்கிறது, அறவே நிறுத்திவிடாது. ஆகவே இரத்த தானமும் வேண்டும். புள்ளை முதுகு கோணினால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.