எந்தக் கதிரையில இருந்தாலும் அதே மேசை

கம்பஸ் லாப் ஒன்றுக்குள்ள போனால் ஒரு வரிசையில விண்டோஸ் இருக்கும், அடுத்த வரிசையில லினக்ஸ் இருக்கும். மடியில மக் வைச்சுக்கொண்டு ஒருத்தர் மூலையில இருப்பார். "என்ர மெஷினில ஓடினது, இங்க ஓடேல்லை" என்ற புலம்பலும் கேட்கும். இந்தப் புலம்பலுக்கு நாற்பது வயசு தாண்டிவிட்டது. அதைப் பெரிய அளவில் கையாண்டு பார்த்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.ரி.

1983 மே மாதத்தில் அங்கே 'அத்தீனா' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. எல்லா இளநிலை மாணவர்களின் படிப்புக்குள்ளும் கணினியைக் கொண்டுவருவது நோக்கம். டிஜிட்டல் எக்யூப்மென்ட், ஐ.பி.எம். என்ற இரண்டு கம்பனிகள் கருவிகளும் ஆட்களும் தந்தன. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. இரண்டும் சந்தையில் போட்டியாளர்கள். ஒன்றின் மெஷினுக்கென்று கட்டின புரோகிராம் மற்றதில் அப்படியே ஓடாது.

ஒரே கம்பனியின் மெஷினை மட்டும் வாங்கியிருந்தால் தலையிடி குறைந்திருக்கும். ஆனால் அந்தக் கம்பனி வைத்ததே விலை, அது சொன்னதே சட்டம் என்று ஆகியிருக்கும். அத்தீனா வேறு வழியை எடுத்தது. மெஷின் எதுவாக இருந்தாலும் மாணவருக்கு ஒரே மாதிரித் தெரியவேணும். அதற்கு யுனிக்ஸைப் பொது அடித்தளமாக வைத்தார்கள். மாணவரின் கோப்புகள் சேர்வரில் இருக்கும். எந்தக் கதிரையில் போய் இருந்தாலும் அவருடைய மேசை அங்கே விரியும்.

திரைகளும் ஒவ்வொரு மெஷினுக்கு ஒவ்வொரு விதம். 1984இல் பொப் ஷைஃப்லரும் ஜிம் கெற்றிஸும் எக்ஸ் விண்டோ முறையைத் தொடங்கினார்கள். புரோகிராம் ஒரு கணினியில் ஓடும், அதன் ஜன்னல் வேறு கம்பனியின் திரையில் திறக்கும்.

அடுத்தது நம்பிக்கைப் பிரச்சினை. பொது லாபில இருக்கிற மெஷினில் யாரும் கைவைக்கலாம். நெட்வேர்க்கில் பாஸ்வேர்ட் அப்படியே போனால் ஒட்டுக்கேட்கிறவருக்கு வேலை சுலபம். இதற்காக உருவானதுதான் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தின் மூன்று தலை நாயின் பெயர் அது. பாஸ்வேர்ட் நெட்வேர்க்கில் பயணிக்காது. அதற்குப் பதிலாகக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் 'ரிக்கற்' போகும்.

இவ்வளவு செய்தும் மாணவர் முழிக்கத்தானே செய்வார்? அதற்கு ஓ.எல்.சி. என்றொரு ஏற்பாடு. இருந்த இடத்திலிருந்தே கேள்வியை ரைப் செய்தால் அது வரிசையில் சேரும். உதவியாளர் ஒருவர் எடுத்துப் பதில் தருவார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களையும் சேர்த்து வைத்தார்கள். நல்ல மென்பொருள் இருந்தால் ஆள் தேவையில்லை என்று அவர்கள் நினைக்கவில்லை.

1991இல் திட்டம் முடிந்தது, ஆனால் அந்த அமைப்பு நின்றது. பிறகு சன், சிலிக்கன் கிராஃபிக்ஸ் மெஷின்களும் லினக்ஸும் அதற்குள் வந்து சேர்ந்தன.

பெரிய கம்பனிகளின் காசு இருந்தபடியால்தான் இது நடந்தது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் எக்ஸையும் கெர்பரோஸையும் மூலநிரலோடு வெளியே கொடுத்தார்கள். அதனால் காசில்லாத கம்பஸுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. லினக்ஸ் திரைகள் பல வருஷம் எக்ஸில்தான் ஓடின. விண்டோஸ் 2000இலிருந்து மைக்ரோசொஃப்டின் டொமைன் லொகினுக்குள்ளும் கெர்பரோஸ் இருக்கிறது.

அந்தக் கருவிகள் இன்று எங்கட லாபுகளுக்கும் கிடைக்கும். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருந்த முடிவைக் காசு குடுத்து வாங்க ஏலாது. மெஷின்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சுமக்கவேண்டியது கம்பஸ், மாணவர் இல்லை என்பதுதான் அந்த முடிவு. "விண்டோஸில் மட்டும் செய்துகொண்டு வாங்கோ" என்று ஒரு அறிவித்தல் ஒட்டப்படும்போது, அந்தச் சுமை யாருடைய தோளில் ஏறுகிறது என்று கேட்டுப் பாருங்கோ.