ரங்கூனை விட்டு நடந்தவர்கள்

நகரம் அழிவது பற்றிய கற்பனை நமக்குப் பெரும்பாலும் மேற்கத்திய நாவல்களிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்து சேர்ந்தது. ஒரு மனிதன், ஒரு துப்பாக்கி, ஒரு காடு. அவன் பிழைத்தால் அது அவனுடைய சாமர்த்தியம். இந்தக் கற்பனையில் உள்ள கோளாறு அது மிகையானது என்பதல்ல, எதனால் மனிதர்கள் பிழைக்கிறார்கள் என்பதைத் தலைகீழாகச் சொல்கிறது என்பதுதான். நம் ஜனங்களே அகப்பட்டுக்கொண்ட ஒரு நகரச் சரிவு இருக்கிறது. 1941-42இல் ரங்கூன். அதை வைத்து இதைப் பரிசீலிக்கலாம்.

1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனின் ஜனத்தொகை 4,00,415. அதில் இந்தியர் 2,12,929. பர்மாவின் தலைநகரில் பர்மியர் சிறுபான்மை. முகல் தெருவில் செட்டியார் கிட்டங்கிகள். கம்பெனிகளில் தமிழ், வங்காளி குமாஸ்தாக்கள். இவர்களுக்குக் கீழே, நகரத்தைத் தூக்கி நிறுத்தியிருந்த பெருங்கூட்டம்: துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், அரிசி ஆலைக் கூலிகள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், தெருக் கூட்டியவர்கள், மலம் அள்ளியவர்கள். தெலுங்கர், ஒரியர், தமிழர். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கொண்டுவந்த ஆண்கள். பெண்கள் மிகக் குறைவு. குடும்பம் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தது.

சுற்றியிருந்த நாட்டுக்கு இவர்கள் மேல் பிரியம் கிடையாது. 1930 மே மாதத் துறைமுகக் கலவரமும் 1938 கலவரமும் அதன் அடையாளம். விலைவாசி வீழ்ந்த அந்தப் பத்தாண்டில், கடனுக்கு ஈடாகக் கீழ் பர்மாவின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார் கைக்குப் போயிற்று. நிலம் இழந்தவனுக்குச் செட்டியாரும் கூலியும் ஒரே ஜாதி, 'காலா'. ரங்கூனை விட்டுப் போக வேண்டிய சாலை இந்தக் கசப்பின் ஊடாகத்தான் போயிற்று.

1941 டிசம்பர் 23 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஜனங்கள் பதுங்கவில்லை, தெருவில் நின்று ஆகாயத்தை வேடிக்கை பார்த்தார்கள். செத்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. 25ஆம் தேதி மறுபடியும் குண்டு. அதற்குள் கூலிகள் புரோம் சாலையில் மூட்டையும் தட்டுமுட்டுச் சாமானுமாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கப்பல்கள் சரக்கிறக்க ஆளில்லாமல் நின்றன. குப்பையும் மலமும் அள்ளப்படவில்லை. பிணங்கள் எடுக்கப்படவில்லை.

ராணுவச் சரித்திரம் ரங்கூன் விழுந்த நாள் 1942 மார்ச் 8 என்கிறது. அது ஜப்பானியர் உள்ளே நுழைந்த நாள். நகரம் என்று நாம் சொல்கிற ஏற்பாடு அதற்குப் பத்து வாரம் முன்பே நின்றுபோயிற்று. அதைச் சுமந்தவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போனபோது நின்றது. இதைச் சர்க்கார் விமர்சகர்களைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது. சீனத்துக்குப் போக வேண்டிய அமெரிக்கத் தளவாடங்கள் துறைமுகத்தில் குவிந்திருந்தன. ஓடியவர்களில் பலரைப் பாதுகாப்பும் உணவும் தருவதாகச் சொல்லித் திரும்ப அழைத்து வந்தார்கள். கப்பலில் மேல்தட்டுப் பயணம், அதாவது ஏழைகளின் பயணம், வயது வந்த இந்திய ஆண்களுக்குத் தடை செய்யப்பட்டது. உயர் வகுப்பு டிக்கெட்டுக்குப் பணம் இருந்தவர்கள் கடலில் போனார்கள். 'பராசக்தி' (1952) படத்தில் மூன்று சகோதரர்களுக்கு ஒரே ஒரு கப்பல் டிக்கெட்தான் கிடைக்கிறது. மற்றவர்கள் நடக்கிறார்கள், ஒருவன் காலை இழக்கிறான். வசனத்துக்காக நினைவில் நிற்கிற அந்தப் படத்தின் அஸ்திவாரமே இந்தக் கப்பல் கணக்குதான் என்பதை நாம் கவனிப்பதில்லை.

மிச்சமிருந்தவை தரைவழிகள். புரோமிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து டௌங்கப். அங்கிருந்து படகில் அக்யாப், சிட்டகாங். மலைப் பாதையில் தண்ணீர் கிடையாது. கிடைத்த தண்ணீரில் காலரா இருந்தது. நோய்க்குப் பயந்து புரோமில் கூட்டத்தைத் தடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய இடத்தில் காலரா இன்னும் பெருகிற்று. பிப்ரவரி பிற்பகுதியில் ரங்கூனைக் காலிசெய்யும் உத்தரவு வந்தது. சிறையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியும் திறந்துவிடப்பட்டன. கொள்ளையும் தீயும் தொடர்ந்தன. கூட்டம் வடக்கே மாந்தளைக்கு நகர்ந்தது. ஏப்ரல் 3இல் மாந்தளையும் எரிந்தது. பிறகு கலேவா, தாமு, பலேல், இம்பால். கடைசியாக, எந்த ஏற்பாடும் இல்லாத ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக லீடோ.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? தனியாக யாரும் பிழைத்ததாகத் தெரியவில்லை. ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மேஸ்திரியின் ஆட்கள், ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் கூட்டமாக நடந்தார்கள். அரிசி, உப்பு, கொதிக்க வைத்த தண்ணீர், தடுப்பூசி, அடுத்த முகாம் எத்தனை மைல் என்கிற தகவல்: இவையே உயிர். அஸ்ஸாம் பக்கத்தில் தேயிலைத் தோட்டச் சங்கம் முகாம்களையும் பாதைகளையும் அமைத்தது. தோட்டத் துரைமார் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. பாதை வெட்டியதும் அரிசி சுமந்ததும் தோட்டக் கூலிகளும் மலைவாசிகளும். ஒரு நகரத்துக் கூலிகளை இன்னொரு காட்டுக் கூலிகள் உயிரோடு கொண்டு வந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் தேதி. மே மாத நடுவில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு முன் மலையைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தார்கள். பின்தங்கியவர்களை, முக்கியமாக ஹுகாங் வழியில், சேறும் வெள்ளமும் மலேரியாவும் பசியும் தின்றன. யார் எந்தத் தேதியில் கிளம்பினார்கள் என்பது சாமர்த்தியத்தால் முடிவாகவில்லை. டிக்கெட், பாஸ், வண்டி, தோலின் நிறம் இவற்றால் முடிவாயிற்று. வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்ற புகார் அப்போதே எழுந்தது. வைஸ்ராய் சபையில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான உறுப்பினராக இருந்த எம். எஸ். ஆனே நேரில் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. முதன்முதலில் ஆபத்தைப் புரிந்துகொண்டு டிசம்பரிலேயே நடக்கத் தொடங்கியவன் கூலி. அவனைத்தான் திருப்பி அனுப்பினார்கள். அவனுக்குப் புத்தி இருந்தது, அனுமதி இல்லை.

மொத்தம் நாலு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள் என்பது மதிப்பீடு. வழியில் செத்தவர்கள் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரம் என்பாரும் உண்டு, அதற்கு மேல் சொல்பவரும் உண்டு. நாள் முடிவில் பத்து ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்கு விடாத உத்தியோகம் என்னுடையது. நாற்பதாயிரம் உயிர் உதைக்கிற இந்தக் கணக்கை யாரும் திரும்பக் கூட்டிப் பார்க்கவில்லை. முகாமுக்கு வந்து சேர்ந்தவனைத்தான் எண்ணினார்கள். கிளம்பியவனை எண்ண ஒருவரும் இல்லை.

எழுத்திலும் இதே கதைதான். அதிகாரிகளும் துரைமாரும் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள் நிறைய. தமிழில், ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா தாம் நடந்து வந்ததை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதி வைத்தார். ஒரு படித்த மனிதரின் சாட்சியம் என்ற அளவில் அது நமக்குப் பெரிய சொத்து. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) யுத்தகால மெடானையும் பினாங்கையும் தமிழ் நாவலுக்குள் கொண்டு வந்தது. ஆனால் அதன் மையம் பாண்டியன் என்கிற தனி மனிதன். அமிதவ் கோஷ் 'கண்ணாடி மாளிகை'யில் (2000) இந்த நடையை எழுதியபோதும் நடப்பது ஒரு வியாபாரியின் குடும்பம். மூட்டை சுமந்தவன் எழுதவில்லை. அவனுக்கு எழுதத் தெரியாது. தெரிந்த நாம் அவனை 'அகதிகள்' என்ற பன்மைக்குள் போட்டு மூடிவிட்டோம்.

இது இரக்கம் போதாத குறையல்ல. கண்ணீர் நம் எழுத்தில் தேவைக்கு மேல் இருக்கிறது. குறை உருவத்தில். நம் நாவல் ஒருவனின் மனசைப் பின்தொடரப் பழகியிருக்கிறது. கூட்டமாகப் பிழைத்தவர்களை, கூட்டமாக நிறுத்தப்பட்டவர்களை எழுத அதற்கு இன்னும் பாஷை கைவரவில்லை. அதனால்தான் தனி வீரன் கதை இங்கேயும் சுலபமாக விலைபோகிறது.

யுத்தம் முடிந்ததும் பலர் ரங்கூனுக்கே திரும்பினார்கள். 1964இல் நெ வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியபோது லட்சக்கணக்கானவர்கள் மறுபடி வெளியேறினார்கள். இந்தத் தடவை கப்பல் கிடைத்தது, சொத்து கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் இறக்கிவிடப்பட்டவர்களில் சிலருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாக மணிப்பூர் எல்லைவரை போனார்கள். அப்பால் விடவில்லை. அங்கேயே மோரேயில் தங்கிக் கோயிலும் சங்கமும் கட்டிக்கொண்டார்கள். மோரேக்கு எதிரே தெரிகிற ஊர் தாமு. 1942இல் அவர்களுக்கு முந்தின தலைமுறை உயிரைப் பிடித்துக்கொண்டு வந்த அதே பாதை. நகரத்தை விட்டோடுகிறவன் காட்டைத் தேடிப் போவதில்லை. தன்னை ஆளாக எண்ணுகிற ஓர் இடத்தைத் தேடிப் போகிறான்.