வருகைப் பதிவேடு சொல்லும் வரலாறு

யூபிலி மலர் என்றால் கோவில் எழுந்த வரலாறும், பணியாற்றிய குருக்களின் பட்டியலும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு தொடக்கப் பள்ளியையும் நன்றியோடு நினைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம். நம்மில் மிகப் பலர் 'அ' எழுதிப் பழகியது அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பங்குப் பள்ளியிலோதான். இன்று நாமே, "அங்கெல்லாம் தரம் போய்விட்டது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தரத்தை எடைபோடுமுன், அந்த வகுப்பில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா? தமிழகத் தொடக்கப் பள்ளிகளின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியே அடங்கியிருக்கிறது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு ஆணையிட்டு, 1826-இல் தொகுத்து எழுதிய கணக்கைப் பார்ப்போம். மாகாணமெங்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அக்காலத்திற்குச் சிறிய எண்ணிக்கை அன்று. ஆனால் அவர்களுள் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை!

1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் மானிய முறை வந்தது. மறைபரப்பாளர் நடத்திய பள்ளிகளும் அரசின் உதவி பெற்றுப் பெருகின. ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமன்கீர் 1892-இல் அவர்களது நிலைமையைப் பற்றி விரிவான குறிப்பெழுதிய பிறகே அரசின் கவனம் இப்பக்கம் திரும்பியது. அதன் பின்னும் 1919-ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கு என்ன சொன்னது? பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில், அன்று 'பஞ்சமர்' எனப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. அக்கிரகாரத்திலும் கோவில் மண்டபத்திலும் சாவடியிலும் பள்ளி நடந்தால், அப்பிள்ளைகள் அங்கே எப்படிக் கால் வைப்பார்கள்? நம் மறைபரப்பாளர் பலர் இவர்களுக்காகப் பள்ளி திறந்தது நமக்குப் பெருமையே. அதே வேளையில், நம் கோவில்களிலேயே சாதிக்கோர் இடமென்று பிரிந்து அமர்ந்த காலமும் உண்டு என்பதை மறைக்கலாகாது.

கதவு திறந்தால் மட்டும் போதாது; வயிறும் நிறைய வேண்டும். இதை முதலில் உணர்ந்தது சென்னை மாநகராட்சி. பி. தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து செலவிடலாகாது என்ற தடையால் 1925-இல் அது நின்று போனது.

1953-இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழகட்டும் என்ற திட்டம் வந்தது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்பே தைக்க வேண்டுமா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் எங்கும் பரவியது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டினார். மக்களே தட்டும் பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தனர். 1982-இல் எம்.ஜி.ஆர். அத்திட்டத்தைச் சத்துணவாக விரிவாக்கினார்.

இவ்வாறு வருகைப் பதிவேட்டில் புதிய பெயர்கள் ஏறின. வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைகள், காலையில் ஆடு மேய்த்துவிட்டு வந்த பிள்ளைகள், தம்பியை இடுப்பில் சுமந்து வந்த சிறுமிகள். இவர்களின் மதிப்பெண்ணை, படித்த பெற்றோரின் மடியில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பள்ளியைக் குறை கூறுவது நீதியாகுமா? பணம் கட்ட முடிந்தவரைச் சேர்ப்பது ஒரு பள்ளி. வந்த எவரையும் திருப்பி அனுப்பாதது மற்றொரு பள்ளி. இரண்டின் சராசரியும் ஒரே பொருளைச் சொல்லுவதில்லை.

அதற்காகக் குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் அசர் ஆய்வின்படி, தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர்கள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022-இல் ஐந்து பேர். 2024-இல் பன்னிரண்டு பேர். ஏறியிருக்கிறது, ஆனால் மகிழ்ந்து ஓய்ந்துவிடும் எண் அன்று. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை வயதால் மட்டுமின்றிக் கற்றல் நிலையாலும் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பித்தார்கள். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கும் இம்முறை நல்ல முறை. அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. 2024-இல் ஊரக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1920-இன் ஓரணா வீண் போகவில்லை.

ஆனால் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. வசதி வந்ததும் நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் வெளியேறிவிட்டோம். பெற்றோர் எனும் உரிமையைத் தவறென்று கூறவில்லை. எனினும் மனு எழுதத் தெரிந்தவரும், "ஆசிரியர் இடம் ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்கத் துணிந்தவரும் போய்விட்டால், எஞ்சியிருக்கும் பிள்ளைக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் கூலியை இழந்து பள்ளிக்கூட்டத்துக்கு வர இயலாத தாயா?

ஆகவே, அன்புப் பங்கு மக்களே, நம்மை ஏற்றிவிட்ட ஏணியை நாம் மறவாதிருப்போம். நம் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும், பள்ளிக் கூட்டத்தில் ஊராராய் அமர்வோம். மாலையில் ஒரு மணி நேரம், ஒரு பிள்ளை பாடம் வாசிப்பதை அருகிருந்து கேட்போம். அடுத்த யூபிலி மலரை, இன்று அங்கே எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமி எழுதட்டும்!