காண்டாக் கம்பும் நாசி கண்டாரும்



பள்ளி விடுமுறை வந்தால் நம் தோட்டப்புறத்துக் குடும்பங்கள் பினாங்குக்குப் புறப்படுவது வழக்கம். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, அக்கரையில் ஜோர்ஜ் டவுனில் இறங்கி, குவீன் தெரு மாரியம்மனைக் கும்பிட்டுத் துணிமணி வாங்கிய பிறகு, பசி வந்ததும் நாம் தேடுவது நாசி கண்டார் கடையைத்தான். வரிசையில் நின்று தட்டை நீட்டுகிறோம். சோற்றின் மேல் மூன்று நான்கு குழம்புகளைக் கலந்து ஊற்றுகிறார்கள். இன்னும் வேண்டுமென்றால் 'பாஞ்சிர்' என்று மலாயில் சொன்னால் போதும்; வெள்ளம் என்று பொருள். உண்டு, காசு கொடுத்து, வீடு திரும்புகிறோம். அந்தப் பெயரிலுள்ள 'கண்டார்' என்ற சொல்லை மட்டும் நாம் கவனிப்பதில்லை. அது நம் வீட்டில் வழங்கிய சொல்.

நாசி என்றால் மூக்கு என்று எண்ணிச் சிரிக்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் ஆண்டுதோறும் உண்டு. மலாயில் நாசி என்பது சோறு. கண்டார் என்பது கம்பின் இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்குவது. பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார் மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, இரண்டு வாளிகளையும் ஒரு கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு போனார்கள் அல்லவா? அந்தக் கம்பைக் காண்டாக் கம்பு என்றார்கள். பால் சுமந்த அதே காண்டாதான் சோறும் சுமந்தது.

சுமந்தவர்கள் யார்? தமிழ் முஸ்லிம்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றுவதற்கு முன்பே அவர்கள் கெடாக் கரையில் வாணிபம் செய்து வந்தவர்கள். சூலியர் என்று அவர்களை அழைத்ததால்தான் ஜோர்ஜ் டவுனில் சூலியா தெரு இருக்கிறது. அவர்களுடைய தலைவராக இருந்த காதிர் மொகிதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் பெருவணிகர்கள் அல்லர். ராமநாதபுரம் சீமையின் கடலோர ஊர்களிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த ஏழைகளே மிகுதி. கையில் முதல் இல்லாதவனுக்கு ஒரு கம்பும் இரண்டு கூடையும் இருந்தால் அதுவே கடை.

ஒரு பக்கத்துக் கூடையில் சோறு. மறுபக்கத்தில் மீன் குழம்பு, இறைச்சிக் கறி, அவித்த முட்டை, வெண்டைக்காய். விடியலுக்கு முன்பே சமைத்து முடித்து, கரையோரம் நடந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கூடும் இடத்தில் இறக்கி வைப்பார்கள். அப்பொழுது கப்பல்கள் கடலில் நிற்க, தொங்கான்கள் சரக்கைக் கரைக்குக் கொண்டு வரும். அதை முதுகில் சுமந்து கிட்டங்கியில் சேர்த்தவர்களில் தமிழர்கள் நிறைய. நாள் முழுவதும் சுமக்கப் போகிறவனுக்குக் காலையிலேயே வயிறு நிறையச் சோறு வேண்டும்; விலை குறைவாகவும் இருக்க வேண்டும். நாற்காலி மேசை கிடையாது. குந்தி உட்கார்ந்து உண்டு எழ வேண்டியதுதான். கறித்துண்டு வாங்கக் காசு போதாதவனும் பல குழம்புகளின் சாற்றை ஊற்றிக்கொண்டால் சோறு இறங்கிவிடும். இன்று சுவைக்காக நாம் கேட்கும் வெள்ளம் இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது நம் ஊகம்.

கம்பை இறக்கிவைத்துக் கூரைக்குள் போனவர்களும் உண்டு. கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா உணவகம் தன் தொடக்கத்தை 1907 என்று சொல்கிறது. அதுவும் முதலில் மரத்தடியில் நடந்த வியாபாரம்தான். கடை வந்த பிறகு கம்பு போயிற்று, பெயர் நின்றது. சமையலும் இருந்தபடியே இருக்கவில்லை. ஊர் மசாலையோடு சீனர்களின் கிச்சாப் சேர்ந்தது. சீனர்களின் மஞ்சள் மீயை எடுத்து, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் தவுவும் போட்டுப் பிரட்டி மீ கோரெங் ஆக்கியவர்களும் இவர்களே. ராமநாதபுரத்தில் போய்க் கேட்டால் இவை எதுவும் கிடைக்காது. கடைக்காரரை மலாய்க்காரர் 'மாமாக்' என்கிறார்களே, அதில் இருப்பது நம்முடைய 'மாமா'.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் முதலில் கண்ட மலாயா மண் பலருக்கும் பினாங்குதான். தோட்டத்தில் அவர்கள் உண்ட அரிசி பெரும்பாலும் ரங்கூன் அரிசி. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின் மேல் குண்டு போட்டார்கள். அடுத்த மூன்றரை ஆண்டு அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. கிழங்கை எத்தனை விதமாக அவித்தும் இடித்தும் பசியை ஏமாற்றலாம் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. கருவாட்டுக் குழம்பும், பால் வெட்டிலிருந்து திரும்பி வந்து குடித்த பழைய கஞ்சியும் அப்படியே. இவற்றுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கடை வைத்தவர் யாரும் இல்லை.

2008இல் யுனெஸ்கோ ஜோர்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நமக்கும் பெருமைதான். ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில், பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. குறைந்த வாடகையில் தலைமுறையாகக் குடியிருந்த பலர் வெளியேற நேர்ந்தது. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, அவற்றுக்குள் சமைத்தவர்கள் சிதறிப் போனார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது லயங்களை விட்டுப் போனவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடந்தது. பினாங்கின் அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவு வகைகளை வெளிநாட்டார் சமைக்கக்கூடாது என்ற விதி 2016இல் நடப்புக்கு வந்தது. சுவை கெடாமல் காக்க வேண்டும் என்பது நியாயமான கவலைதான். ஆனாலும் கூடை சுமந்து கரையில் நடந்த அந்த முதல் மனிதர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி நமக்கு எழாமல் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் தன் பாட்டி வீட்டுக் கொல்லையில் கிடந்த காண்டாக் கம்பைப் பள்ளிக்குக் கொண்டு வந்தான். நடுவில் தோள் பட்ட இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. இரண்டு வாளிகளில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னோம். பத்தடி நடப்பதற்குள் பாதித் தண்ணீர் தரையில். வேடிக்கை பார்க்க வந்த அந்தப் பாட்டி கம்பை வாங்கித் தோளில் வைத்து, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் வாளிகளை இறக்கி வைத்தார்.