மூடிய நாடு – 14: டங்லா மலையடியில் ஒரு குழந்தை

1904-இல் யங்ஹஸ்பெண்டின் பிரிட்டிஷ் படை திபெத்தின் லாசாவுக்குள் நுழைந்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, கைக்குழந்தையோடு அதே லாசாவுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

சூசி கார்சன் கனடா நாட்டு டாக்டர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமான 1888-இல் பட்டம் பெற்றவர். 1894-இல் பெட்ரஸ் ரைன்ஹார்ட் என்ற டச்சு மிஷனரியை மணந்து, எந்தச் சபையின் சம்பளமும் இல்லாமல் திபெத் எல்லைக்கு வந்தார். அடுத்த ஆண்டு அங்கே முஸ்லிம் கலகம் மூண்டது. கும்பும் மடத்தின் தலைமை லாமாவே இவர்களை மடத்துக்குள் வந்து தங்கச் சொன்னார். பௌத்த மடத்தில் கிறிஸ்தவக் குடித்தனம்! காயம்பட்டு வந்தவர்களுக்குச் சூசி கட்டுப் போட்டார். பெட்ரஸின் பிரசங்கத்தால் திறக்காத கதவுகள் சூசியின் மருந்துக்குத் திறந்தன என்பதே என் கணிப்பு.

1897 ஜூன் 30 அன்று டாங்கர் ஊரில் மகன் சார்லஸ் பிறந்தான். அவனுக்கு ஒரு வயது நிறையுமுன், 1898 மே 20 அன்று, லாசாவை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். வெள்ளையர் எவரையும் உள்ளே விடாத ஊர் அது, வழியெல்லாம் கொள்ளையர். இதை விசுவாசம் என்பார்கள். நான் பிடிவாதம் என்பேன், பெரும்பங்கு பெட்ரஸின் பிடிவாதம்.

ஆகஸ்ட் 22. டங்லா மலைத்தொடரை நெருங்கும்போது குழந்தை தூங்குகிறான் என்றே நினைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் உயிர் இல்லை. டாக்டரான தாய் கையில் எல்லா மருந்தும் இருந்தும் பிள்ளை போய்விட்டான். மருந்துப் பெட்டியைக் காலி செய்து அதிலேயே கிடத்தினார்கள். லடாக்கைச் சேர்ந்த வேலையாள் ரஹீம் குழி தோண்டினார். விலங்குகள் தோண்டிவிடாதபடி மேலே பாறையை வைத்தார்கள்.

லாசா கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் கொள்ளையர் தாக்கினர், வழிகாட்டிகள் ஓடினர். செப்டம்பர் 26 அன்று, ஆற்றுக்கு அக்கரையில் தெரிந்த கூடாரங்களில் உதவி கேட்கப் போன பெட்ரஸ் திரும்பவே இல்லை. சூசி தன்னந்தனியாக இரண்டு மாதம் மலை கடந்து, நவம்பர் 26 அன்று எல்லை நகரான தாசியென்லு சேர்ந்தார்.

அத்தனைக்குப் பிறகும் 1903-இல், டாக்டர் ஆல்பர்ட் ஷெல்டன் தம்பதியை அழைத்துக்கொண்டு அதே எல்லைக்குத் திரும்பக் கிளம்பினார். திபெத்துக்குப் படையோடு போனவர்களின் பெயர்தான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்தத் தொடரில் எனக்கு வீரர் சூசிதான். யங்ஹஸ்பெண்ட் அடுத்த இதழில்.

(தொடரும்)